“மாதம் 648 ஜிபி” என்று சொல்லி சர்வர் விற்கிறார்களா? கவனம்!

மாட்டுங்காவில் என் சித்தி கொலு பொம்மை விற்கிறார். காஞ்சிபுரத்திலிருந்தும் விளாச்சேரியிலிருந்தும் வரும் பொம்மைகள். அவருக்காக நான்தான் இணையதளம் அமைத்தேன். தளத்தை இயக்கும் கணினியான சர்வருக்கு இடம் தேடியபோது, தாராவி நண்பர் மூலம் ஒரு திருநெல்வேலிக்காரர் அறிமுகமானார். சர்வர்களை வரிசையாக வைத்து ஓட்டும் நவி மும்பை டேட்டா சென்டரில் மொத்தமாக இடம் பிடித்துச் சில்லறையாக விற்பவர். தமிழர் என்றதும் பாதிச் சந்தேகம் தானாகவே கரைந்துவிட்டது.

“2 எம்பிபிஎஸ் தருகிறேன். மாதம் 648 ஜிபி டேட்டா ஓடும். பொம்மைக் கடைக்கு அது கடல், தம்பி” என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் போகும் என்ற வேகம். எட்டு பிட் ஒரு பைட். ஆகவே 2 மெகாபிட் என்பது நொடிக்குக் கால் மெகாபைட். 30 நாளில் 25,92,000 நொடிகள். பெருக்கினால் அதே 648. கணக்கு சரியாக வந்ததால் ஆளும் சரியானவர் என்று நம்பி, மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தேன்.

செப்டம்பர் பில் வந்தது. கூடுதல் 12 எம்பிபிஎஸ், ஒன்றுக்கு 900 ரூபாய் வீதம் 10,800. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 12,744 ரூபாய். சர்வரின் பதிவுகளைப் புரட்டினால் அந்த மாதம் முழுவதும் போனது 400 ஜிபிகூட இல்லை!

“அண்ணாச்சி, நீங்கள் சொன்ன அளவையே நான் தொடவில்லையே?”

“அது உங்களுக்குப் புரிவதற்காகச் சொன்னது தம்பி. பில் 95ஆவது பெர்சன்டைல் கணக்கு.”

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தை அளப்பார்கள். மாதத்துக்கு 8,640 அளவுகள். அவற்றில் உச்சத்தில் இருக்கும் 5 சதவீதத்தை, அதாவது 432 அளவுகளைத் தள்ளிவிட்டு, அடுத்து நிற்கும் வேகத்துக்கு மாதம் முழுவதற்கும் காசு. 432 அளவுகள் என்றால் 36 மணி நேரம். எங்கள் விற்பனை சூடுபிடித்தது பத்து நாள், மாலை ஏழிலிருந்து பதினொன்று வரை. மொத்தம் 40 மணி நேரம். ஒன்பதாம் நாளோடு கடையைச் சாத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். அந்த நான்கு மணி நேரம்தான் 14 எம்பிபிஎஸ் என்று பில்லில் வந்து உட்கார்ந்தது.

இந்தக் கணக்கு முறை மோசடி அல்ல. இத்தொழிலில் நெடுநாள் வழக்கம். ஜிபியில் பேசி விற்றுவிட்டு உச்ச வேகத்தில் பில் போட்டதுதான் என் வயிற்றெரிச்சல். ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில், ‘பர்ஸ்டபிள்’ என்று ஒரே ஒரு சொல் இருக்கிறது. பேசிய வேகத்தைத் தாண்டியும் இணைப்பு ஓடும் என்று அதற்கு அர்த்தம். 2 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாமல் இணைப்பைப் பூட்டியிருக்கலாமே என்று கேட்டேன். “நீங்கள் கேட்கவில்லையே” என்றார். நீங்களாவது கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

என் பங்குக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பொம்மைப் படங்களை கேமராவில் எடுத்தபடியே ஏற்றியிருந்தேன். படம் ஒன்று 4 எம்பி. பக்கத்துக்கு ஆறு படம். நிமிடத்துக்கு நான்கைந்து முறை பக்கத்தைத் திறந்தாலே 14 எம்பிபிஎஸ் வந்துவிடும். இப்போது படத்தை 150 கேபியாகச் சுருக்கிவிட்டேன், பக்கமே 1 எம்பிக்குள் அடங்குகிறது. தசாவதாரத்தில் கல்கியின் வாள் சற்று மங்கலாகத் தெரிவதாகச் சித்திக்கு மட்டும் குறை.

பில் தொகையை அவரே முன்பணத்தில் கழித்துக்கொண்டார். மிச்சத்தைக் கேட்டால் “அடுத்த வாரம் தம்பி” என்கிறார். ஆறு அடுத்த வாரங்கள் ஆகிவிட்டன.