தமிழ் ‘மாயா பஜார்’ போஸ்டரில் நாகேஸ்வர ராவ்: 12,000 ரூபாய் ஏமாந்த கதை

நகரி, புத்தூர், திருப்பதி வழியில் பழைய சினிமா போஸ்டர் தேடி அலைகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும்.

அத்தைக்கு மணிக்கட்டு பிசகி, கட்டுப்போடப் புத்தூருக்கு அழைத்துப்போன நாள் அது. கட்டுப் போட்ட கையோடு அத்தை காரில் உட்கார்ந்திருந்தார். டீ குடிக்க இறங்கிய நான், பக்கத்தில் பழைய பொருள் கடை ஒன்றைப் பார்த்து உள்ளே நுழைந்தேன். அத்தையையும் கூட்டிப்போயிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ‘மாயா பஜார்’, அதுவும் தமிழ்ப் போஸ்டர். மடிப்புத் தழும்புகள், பழுப்பேறிய ஓரங்கள், நடுவில் கதாயுதத்தைத் தோளில் போட்டு ரங்காராவ். “1957 ஒரிஜினல் சார். மூடிப்போன தியேட்டர் குடோன்ல கிடைச்சது. ஆர்ட்டிஸ்ட் ஈஸ்வர் கையால வரைஞ்சது” என்றார் கடைக்காரர். சட்டத்தைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். “வேண்டாம் சார், காத்து பட்டா பேப்பர் உதிர்ந்துடும்.” இந்தப் பதில் வந்த இடத்திலேயே நான் வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதற்குக் காரணம் என் அப்பா. அறுபதுகளில் நகரியில் ஒரு தியேட்டருக்குப் போஸ்டர் ஒட்டியவர் அவர். படப்பெட்டியோடு மடித்த போஸ்டர் கட்டும் வரும். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து, வாளியை சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். அந்தத் தாள் மெல்லிசு, பசையில் ஊறிச் சுவரோடு சுவராகிவிடும். மிச்சத்தை மாடு தின்னும். ஒட்டாமல் மீந்தது மட்டும்தான் இன்று விலைக்கு வருகிறது. அப்பா அப்படி எடுத்துவைத்தவை இரண்டு: 1964-இன் ‘ராமுடு பீமுடு’, 1965-இன் ‘எங்க வீட்டுப் பிள்ளை’. ஒரே கதை, இரண்டையும் இயக்கியவர் தாபி சாணக்யா. அங்கே ராமாராவுக்கு இரட்டை வேடம், இங்கே எம்.ஜி.ஆருக்கு. எங்கள் ஊரில் இரண்டையும் பார்த்துவிட்டு எது உசத்தி என்று சண்டை போடாத வீடு கிடையாது.

கடைக்காரர் 20,000 சொன்னார். பேசிப் பேசி, 12,000 ரூபாயும் வீட்டிலிருக்கும் பழைய போஸ்டர் இரண்டும் என்று முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் போஸ்டர்களை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இதை எழுதும்போது இப்போதும் வயிறு எரிகிறது.

வீட்டில் ஆணியடித்து மாட்டியதும் அத்தை கட்டுக்கையைப் பிடித்தபடி வந்து நின்றார். ‘மாயா பஜார்’ தெலுங்கு, தமிழ் இரண்டையும் சின்ன வயதில் கொட்டகையில் பார்த்தவர்.

“ஏண்டா, ஜெமினி எங்கடா?”

“என்ன அத்தை?”

“சாவித்திரி பக்கத்துல நிக்கிறது நாகேஸ்வர ராவ் இல்ல? சசிரேகான்னா நாகேஸ்வர ராவ், வத்சலான்னா ஜெமினி. எழுத்து மட்டும் தமிழ்ல இருந்தா ஆச்சா?”

அவ்வளவுதான். தெலுங்கில் சாவித்திரியின் பாத்திரம் சசிரேகா, ஜோடி அபிமன்யுவாக நாகேஸ்வர ராவ். தமிழில் அதே பாத்திரம் வத்சலா, அபிமன்யு ஜெமினி கணேசன். எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. தெலுங்குப் போஸ்டர் ஒன்றை ஸ்கேன் செய்து, எழுத்தை அழித்துவிட்டுத் தமிழில் பெயர் போட்டிருக்கிறார்கள்.

சட்டத்தைக் கழற்றினேன். உதிரவும் இல்லை, ஒன்றும் இல்லை. கனமான, புத்தம் புதுத் தாள். ஓரத்தை மோந்தால் டீ டிகாஷன் வாசனை. மடிப்புத் தழும்பு மேல் விரலை ஓட்டினால் வழவழவென்று போகிறது. மடிப்பும் அச்சடித்த மடிப்பு. விசைத்தறி வைத்திருக்கும் நண்பர், துணியில் நூல் எண்ணும் லென்ஸைக் கொண்டுவந்தார். அதை வைத்துப் பார்த்தால், கறுப்பாகத் தெரிந்த தலைப்பு எழுத்தின் ஓரமெல்லாம் நீலமும் ரோஸும் மஞ்சளுமாகத் தூவிய புள்ளி. லித்தோ எனும் கல்லச்சுப் போஸ்டரில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியாகக் கையால் வரைந்து அச்சேற்றுவார்கள். ஒரு வண்ணம் சற்று விலகிக்கூட உட்கார்ந்திருக்கும். ஆஃப்செட் அச்சு என்றால் புள்ளி உண்டு, ஆனால் அது வரிசை கட்டி நிற்கும். இரண்டிலும் கறுப்பு எழுத்து கறுப்பு மையிலேயே விழுந்திருக்கும். இப்படித் தூவினாற்போல் இருந்தால் கம்ப்யூட்டர் பிரிண்டர் வேலை.

லென்ஸ் இல்லாதவர்கள் எழுத்தைப் பாருங்கள். என் போஸ்டரில் ‘சென்னை’ என்று இருந்தது, இன்று நாம் எழுதும் அதே ‘னை’. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடும்வரை னை, லை, ளை, ணை எல்லாம் இன்றைய ‘ை’ குறிக்குப் பதிலாக, எழுத்தோடு ஒட்டிய யானைத் தும்பிக்கை மாதிரிச் சுழி போட்டுத்தான் பொதுவாக அச்சாயின. 1957 போஸ்டரில் தும்பிக்கை இல்லாத ‘னை’ வந்தால் சந்தேகப்படுங்கள். ஊர்ப் பெயரோடு ஆறு இலக்கப் பின்கோடு இருந்தாலும் அப்படித்தான். பின்கோடு வந்ததே 1972-இல்.

அச்சகத்தின் பெயரும் ஊரும் அடியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அன்று அமலில் இருந்த 1867-ஆம் வருட அச்சகச் சட்டப்படி அதைப் போட்டாக வேண்டியிருந்தது. என் போஸ்டரில் அந்த இடம் கண்ணாடிச் சட்டத்துக்குள் மறைந்திருந்தது. கழற்றிப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் பழுப்பு.

ஈஸ்வர் விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பாலகொல்லுவிலிருந்து மெட்ராஸ் வந்து, தெலுங்கிலும் தமிழிலும் எத்தனையோ படங்களுக்குப் போஸ்டர் போட்ட மனிதர், 2021-இல் காலமானார். பாபு இயக்கிய ‘சாட்சி’தான் அவருக்கு முதல் படம், வந்தது 1967-இல். பத்து வருடம் முந்தைய படத்துக்கு அவர் எப்படி வரைந்திருப்பார்? உண்மையில் வரைந்தவரின் கையெழுத்து கீழ் மூலையில் இருந்திருக்கும் போல. அந்த இடம் மட்டும் மழுங்கலாக அழித்துக் கிடக்கிறது. வரைந்தவர் பெயரை அழித்துவிட்டு, விலை போகிற பெயரை வாயால் ஒட்டி விற்றிருக்கிறார்கள்.

திரும்பக் கடைக்குப் போனேன். “ஒரிஜினல்னு நான் எழுதிக் கொடுத்தேனா சார்?” என்று பில்லைக் காட்டினார். ‘பழைய படம், பிரேமுடன் – 1’. அப்பாவின் போஸ்டர்கள் அதற்குள் கைமாறிவிட்டனவாம். நல்லவேளை, “1957 ஒரிஜினல்” என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்தியை நான் அழிக்கவில்லை. அதை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு. நீங்கள் வாங்கினால் பில்லில் வருடத்தையும் ‘அசல் அச்சு’ என்பதையும் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் டீயை மட்டும் குடித்துவிட்டு வண்டியை எடுங்கள்.

கடைசியாக ஓர் உதவி. ‘ராமுடு பீமுடு’ போஸ்டர் எங்காவது விற்பனைக்கு வந்தால் திருப்பிப் பாருங்கள். வலது மூலையில் பென்சிலால், ஒன்றன்கீழ் ஒன்றாக, சந்தை 4, பஸ் ஸ்டாண்டு 6, ரயில் கேட் 2 என்று ஒட்ட வேண்டிய இடக் கணக்கு இருக்கும். அது என் அப்பாவின் கையெழுத்து. கண்டால் எனக்குச் சொல்லுங்கள்.