சேர்பொருள் கலந்த ஸிங்க் எலக்ட்ரோலைட்: ஆறு வாரம் ஓட்டிப் பார்த்தேன்

எங்கள் ஆய்வகத்தில் ஸிங்க் (துத்தநாக) பேட்டரி செல்களுக்கு எலக்ட்ரோலைட், அதாவது இரண்டு மின்வாய்களுக்கும் நடுவே அயனிகளைக் கடத்தும் கரைசல், கலக்குவது என் பொறுப்பு. வழக்கமாக 2 மோலார் ஸிங்க் சல்ஃபேட் கரைசல், அவ்வளவுதான். இந்த முறை ஆயுளைக் கூட்டும் சேர்பொருள் கலந்தே வரும் புட்டி ஒன்றை வாங்கினேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வெறும் சல்ஃபேட்டில் ஓடிய செல்லைப் பிரித்தால் துத்தநாகத் தகட்டின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். நீரிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும்போது தகட்டை ஒட்டிக் காரத்தன்மை ஏறி, ஸிங்க் ஹைட்ராக்சைடு சல்ஃபேட் செதில் செதிலாகப் படிவதுதான் அது. இந்தக் கரைசலில் அந்தப் பூப்பு வெகு குறைவு. காயின் செல்லும் உப்பவில்லை.

துத்தநாக அயனி ஆறு நீர் மூலக்கூறுகளைச் சுமந்துகொண்டுதான் தகட்டுக்கு வரும். சில சேர்பொருட்கள் அதில் ஒன்றிரண்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். சில, தகட்டிலேயே ஒட்டிக்கொண்டு நீரை நெருங்க விடாது. இதில் இருப்பது எது? லேபிளில் 'கரிமச் சேர்பொருள்' என்று மட்டும் இருக்கிறது. குளுக்கோஸா, பாலிஎத்திலீன் கிளைக்காலா, எத்தனை சதவீதம், ஒன்றுமில்லை. ஆய்வுக்கு வாங்குபவருக்கு இப்படியா விற்பார்கள்?

அதைவிட எரிச்சலூட்டியது கூட வந்த துண்டுத்தாள். இரண்டு பக்கமும் துத்தநாகம் வைத்த செல், 1,000 மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறதாம். கீழே பொடி எழுத்தில்: தகடு 100 மைக்ரோமீட்டர், சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லியாம்பியர்-மணி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன சென்டிமீட்டர் துத்தநாகம் 5,855 மில்லியாம்பியர்-மணி கொடுக்கும். அப்படியென்றால் ஒரு சுற்றில் (ஒரு தடவை மின்னேற்றி இறக்குவதில்) கரைந்து படிவது 1.7 மைக்ரோமீட்டர்தான். மீதி 98 மைக்ரோமீட்டர் சும்மா கிடக்கிறது!

நான் 10 மைக்ரோமீட்டர் தகட்டில் 3 மில்லியாம்பியர்-மணி வைத்து ஓட்டினேன், அதாவது பாதித் துத்தநாகம் வேலை செய்யும்படி. வெறும் சல்ஃபேட் முதல் நாளே போய்விட்டது. இது மூன்றாம் நாள் வரை தாங்கியது, ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் வரைபடத்தில் மின்னழுத்தக் கோடு சட்டென்று இறங்கி, சதுரம் சதுரமாக அழகாக ஓட ஆரம்பித்தது.

"அண்ணா, இப்பத்தான் செட் ஆகியிருக்கு," என்றார் கூட வேலை செய்யும் தம்பி.

பிரித்துக் காட்டினேன். இரண்டு தகடுகளையும் பிரித்து வைக்கும் கண்ணாடி இழைத் தாளுக்குள் சாம்பல் நிறப் புள்ளிகள். துத்தநாகம் ஊசி ஊசியாக வளர்ந்து எதிர்த் தகட்டைத் தொட்டிருந்தது. முழு ஷார்ட் ஆகாததால் கோடு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் துண்டுத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவர்கள் வரைபடக் கோட்டிலும் 900-ஆம் மணி வாக்கில் அதே மாதிரி ஒரு சின்னப் படி இறங்குகிறது.

மாங்கனீஸ் டை ஆக்சைடு நேர்மின்வாய் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இதில் மாங்கனீஸ் சல்ஃபேட் இல்லை, நீங்களேதான் சேர்க்க வேண்டும்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். அடுத்த தடவை குளுக்கோஸை எடைபோட்டு நானே கலந்துகொள்கிறேன்.