ஜப்பான் ஆர்கேட் மெஷினுக்கு எர்த்: வீட்டில் வைத்துப் பயன்படுத்திய அனுபவம்

ஜப்பான் கேம் நிறுவனமான சேகாவின் ஆஸ்ட்ரோ சிட்டி 1993இல் அங்கே வந்த ஆர்கேட் கேபினெட், அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி. வெள்ளை உடம்பு, 29 அங்குல பிக்சர் டியூப், உட்கார்ந்து ஆடும் உயரம். அப்படிப் பழையது ஒன்று கப்பலில் சென்னைக்கு வந்து, சில வருடங்களாக எங்கள் வீட்டு ஹாலில் நிற்கிறது. படத் தரம், ஸ்டிக், பட்டன் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது அதன் எர்த் பற்றி மட்டும். இந்த மெஷினை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

மெஷினின் பின்னால் வரும் ஒயரைப் பாருங்கள். தட்டையான இரண்டு பின் கொண்ட பிளக். அதன் கழுத்திலிருந்து தனியாக ஒரு பச்சை ஒயர், முனையில் திருகில் மாட்டுவதற்கான சின்ன உலோக லக். ஜப்பானில் வீட்டுச் சுவர் சாக்கெட்டுகளில் பெரும்பாலும் இரண்டு துளைகள்தான். வாஷிங் மெஷின், சமையலறை போன்ற இடங்களில் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு திருகு இருக்கும். பச்சை ஒயரை அதில்தான் மாட்டவேண்டும். அந்த ஏற்பாட்டுக்காகச் செய்த ஒயர் இது, தயாரித்தவர்கள் மேல் குறை எதுவும் இல்லை. ஆனால் மெஷின் கடல் தாண்டி வரும்போது அந்தப் பச்சை ஒயர் சுருட்டி டேப் அடித்த நிலையில்தான் பெரும்பாலும் வந்து சேர்கிறது. சிலதில் வெட்டியே எடுத்திருப்பார்கள். இங்கே ஒரு அடாப்டரைச் செருகினால் மெஷின் ஓடிவிடும். ஓடுவதால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறோம்.

அந்த நிலையில் கன்ட்ரோல் பேனலின் திருகில் புறங்கையை வைத்தால் சுர்ரென்று ஒரு கூச்சம் தெரியும். மெஷினுக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில் இரைச்சலைத் தடுக்க ஒரு ஃபில்டர் உண்டு. அதற்குள் இரண்டு லைனிலிருந்தும் உடம்புத் தகட்டுக்குச் சிறிய கபாசிட்டர்கள் போகும். எர்த் மாட்டியிருந்தால் அந்தக் கசிவு சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். மாட்டவில்லை என்றால் தகடு இரண்டு லைனுக்கும் நடுவிலான வோல்ட்டேஜில் தொங்கும். கசிவு ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவுதான், அதனால் உயிர் போகாது. ஆனால் இந்த உடம்புக்கு எர்த் இல்லை என்பதை அந்தக் கூச்சம் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. நாளைக்கு உள்ளே ஒரு ஒயரின் தோல் உரிந்து தகட்டில் பட்டால், அந்தக் கரண்ட்டுக்குக் கிடைக்கும் ஒரே வழி ஆடிக்கொண்டிருப்பவரின் உடம்புதான். நம் வீடுகளில் வெறுங்காலோடு, சில நேரம் துடைத்த ஈரம் காயாத தரையில் நிற்கிறோம். அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

அடுத்த சிக்கல் வோல்ட்டேஜ். மெஷினுக்கு 100 வோல்ட் வேண்டும், நம்மிடம் இருப்பது 230. கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் சின்ன ஸ்டெப் டவுன் பெட்டிகளில் பல, ஆட்டோ டிரான்ஸ்பார்மர் வகை. ஒரே சுற்றுக் கம்பியில் நடுவே ஒரு முனை எடுத்திருப்பார்கள். உள்ளே வரும் லைனும் வெளியே போகும் லைனும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும். பேஸும் நியூட்ரலும் சரியாக இருந்தால் வெளியே வரும் இரண்டு முனைகளும் மண்ணைப் பொறுத்து 0, 100. பிளக்கைத் திருப்பிச் செருகினால் அதே முனைகள் 230, 130. மெஷினுக்குத் தெரிவது இரண்டு நிலையிலும் 100தான், ஒன்றுபோலவே ஓடும். ஆனால் எர்த் இல்லாத தகட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தால் முதல் நிலையில் 50க்குச் சற்றுக் கீழேயும் இரண்டாவதில் 170 அருகேயும் காட்டுகிறது. யாரையும் பக்கத்தில் விடாமல் எலக்ட்ரீஷியன் அளந்து காட்டியபோது அங்கேயே முடிவு செய்துவிட்டோம், அந்தப் பெட்டி வேண்டாம் என்று.

வேலையைச் செய்தவர் லைசென்ஸ் உள்ள ஒயர்மேன், அனுபவசாலி. மெஷினைத் திறப்பதற்கு முன்னால் அவர் பார்த்தது எங்கள் வீட்டுச் சுவரை. மூன்று பின் சாக்கெட் இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று ஆகிவிடாது. தொண்ணூறுகளில் கட்டிய வீடு. எர்த் குழியில் இறக்கிய ஜிஐ பைப்பும், அதில் முறுக்கிவிட்ட கம்பியும் துருப்பிடித்துக் கிடந்தன. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் 230 காட்டியது. அதே இடத்தில் 100 வாட் குண்டு பல்பை மாட்டினால் மங்கலாக எரிந்தது. சும்மா அளந்தால் வோல்ட்டேஜ் வரும், கரண்ட் இழுத்தால்தான் எர்த்தின் லட்சணம் தெரியும். (கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற சுவிட்ச் இருக்கும் வீட்டில் பல்பை மாட்டியதும் அது விழுந்துவிடும், விழத்தான் வேண்டும். இந்தச் சோதனையை நீங்களே செய்யாதீர்கள், தெரிந்தவரிடம் விடுங்கள்.) குழியைத் தோண்டி, புது பைப், கரி, உப்பு, நல்ல கிளாம்ப் என்று மாற்றினார். எர்த் டெஸ்டரில் மின்தடை 5 ஓமுக்குக் கீழே வந்தது.

இந்த ஓம் கணக்கு ஏன் முக்கியம் என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. எர்த் 5 ஓம் என்றால், பேஸ் தகட்டில் பட்டால் 46 ஆம்பியர் பாயும், கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்சான 6 ஆம்பியர் எம்சிபி விழுந்துவிடும். அதே எர்த் 50 ஓம் என்றால் பாய்வது 4.6 ஆம்பியர்தான். எம்சிபி அசையாது. தகடு முழுக்க மின்சாரத்தோடு அப்படியே நிற்கும். வறண்ட மே மாதத்தில் குழி எப்படி மாறும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால் வீட்டு லைன்கள் பிரியும் டிபி பாக்ஸில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அவசியம். போன கரண்ட்டும் திரும்பிய கரண்ட்டும் ஒன்றாக இல்லையென்றால் ஒரு நொடியின் சிறு பங்குக்குள் அது துண்டித்துவிடும். எர்த் சுமாராக இருந்தாலும் அது வேலை செய்யும். நல்ல எர்த், ஆர்சிசிபி இரண்டும் வேண்டும். ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விடக்கூடாது.

அப்புறம் டிரான்ஸ்பார்மர். ஆட்டோ வகைக்குப் பதிலாக, உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் கம்பிச் சுற்று தனித்தனியாக உள்ள ஐசொலேஷன் வகையில் 500 விஏ (வோல்ட் ஆம்பியர்) திறன் கொண்ட ஒன்றைச் சுற்றித் தரச் சொன்னோம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெளியே வரும் 100 வோல்ட்டை மண்ணோடு தொடர்பில்லாமல் விட்டுவிட்டால், மெஷினுக்குள் ஒரு கோளாறு வந்தாலும் வீட்டு ஆர்சிசிபிக்கு அது தெரியாது, ஃபியூசும் போகாது. ஜப்பானில் வெள்ளை ஒயர் கம்பத்து டிரான்ஸ்பார்மரிலேயே எர்த் செய்யப்பட்டிருக்கும். அதே நிலையை இங்கே உண்டாக்கினோம். 100 வோல்ட் சுற்றின் ஒரு முனையைப் பெட்டிக்குள்ளேயே எர்த்தோடு சேர்த்து, அதற்குப் பிறகு 5 ஆம்பியர் ஃபியூஸ், இன்னொரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இப்போது பேஸ் தகட்டில் பட்டால் கரண்ட் முழுவதும் செம்பு ஒயர் வழியாகவே திரும்பிவிடும், மண்ணை நம்பவேண்டியதில்லை. அந்த இரண்டாவது ஆர்சிசிபி, லைன் வோல்ட்டேஜை நம்பாமல் கசிவுக் கரண்ட்டாலேயே இயங்கும் எலக்ட்ரோ மெக்கானிக்கல் வகையாக இருக்கவேண்டும். அதன் டெஸ்ட் பட்டன் 230 வோல்ட்டுக்கானது, 100இல் அதை நம்ப முடியாது. அதனால் தனி டெஸ்டர் வைத்துத்தான் சோதிக்கிறோம்.

நிறங்களில் கவனம் தேவை. ஒயரின் மேல்தோலை உரித்ததும் அவர் கேட்டார்: "கறுப்பு நியூட்ரல்தானே தம்பி?" நம் பழைய வழக்கத்தில் அப்படித்தான், சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல். ஜப்பானில் கறுப்புதான் பேஸ், வெள்ளை நியூட்ரல். "இல்லண்ணே, இங்க கறுப்புதான் லைன்" என்று காட்டியபின் இரண்டு முனையிலும் சீட்டு ஒட்டினார். இந்த ஒரு விஷயத்தை உங்கள் எலக்ட்ரீஷியனிடம் மறக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மெஷினுக்குள் செய்த வேலைதான் அதிக நேரம் பிடித்தது. பின்பக்கம் எஃப்ஜி (ஃபிரேம் கிரவுண்ட், அதாவது உடம்புத் தகட்டின் எர்த்) என்று குறித்த முனைக்குப் பக்கத்தில் ஒரு எர்த் போல்ட். அங்கிருந்து கன்ட்ரோல் பேனல், காசுக் கதவு, மானிட்டர் ஃபிரேம், பவர் சப்ளை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பச்சை மஞ்சள் ஒயர். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வரிசையாக இழுத்தால், நடுவில் ஒரு திருகு தளர்ந்தாலும் அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் எர்த் இல்லாமல் போய்விடும். கன்ட்ரோல் பேனல் கீலில் திறந்து மூடுவது. கீலுக்கும் தகட்டுக்கும் நடுவே பெயின்ட். இரும்பும் இரும்பும் சேர்ந்திருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும், மீட்டர் இணைப்பே இல்லை என்று சொல்லும். பெயின்ட்டைச் சுரண்டி, ஸ்டார் வாஷர் போட்டு, திறந்து மூட வளைந்துகொடுக்கும் பின்னல் ஒயர் கொடுத்தோம். கை எப்போதும் படும் இடம் இதுதான், இங்கே எர்த் இல்லாமல் வேறு எங்கே இருந்தும் பயனில்லை. பிளக்கின் எர்த் பின்னிலிருந்து பேனல் திருகு வரை அளந்தபோது, மீட்டர் ஒயரின் ஓமைக் கழித்தால் அரை ஓமுக்கும் குறைவு.

ஒரு எச்சரிக்கை. பிக்சர் டியூபின் ரப்பர் மூடியின் அடியில் 25,000 வோல்ட் அளவுக்கு இருக்கும். மெஷினை அணைத்து பிளக்கைக் கழற்றிய பிறகும் அது தங்கும். எர்த் வேலைக்காகப் பின்கதவைத் திறப்பவர் அந்தப் பக்கம் போகவே கூடாது. டியூபின் கறுப்புப் பூச்சைத் தொட்டுக்கொண்டு ஓடும் பின்னல் ஒயரையும் கழற்றக்கூடாது.

இத்தனை காலம் பயன்படுத்தியதில் தெரிந்தவை: கூச்சம் முற்றிலும் போய்விட்டது, பேனலில் மீட்டர் சுழியத்தை ஒட்டியே நிற்கிறது. ஆன் செய்யும் கணத்தில் டிரான்ஸ்பார்மர் இழுக்கும் கரண்ட்டால் ஆரம்பத்தில் எம்சிபி அவ்வப்போது விழுந்தது, பி வகை எம்சிபியை, கணநேரக் கூடுதல் கரண்ட்டைத் தாங்கும் சி வகையாக மாற்றியதும் நின்றது. டிரான்ஸ்பார்மர் லேசாக முனகும், தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், எடையும் அதிகம். இன்வெர்ட்டர் லைனில் இந்த மெஷினைச் சேர்க்கவில்லை. கரண்ட் போனால் ஆட்டம் நிற்கட்டும், அது நஷ்டம் இல்லை. சென்னை ஈரக்காற்றில் லக்குகள் கறுத்துப்போகின்றன. மழைக்காலம் முடிந்ததும் பேனல் திருகைக் கழற்றித் துடைத்து மறுபடி இறுக்கி, ஓம் அளக்கிறேன். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். ஒருமுறை பேனலில் அளவு ஏறியிருந்தது, பின்னல் ஒயரின் ஒரு முனை தளர்ந்திருந்தது. ஆட்டத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை, மீட்டரில்தான் தெரிந்தது.

இரண்டு குறுக்கு வழிகளை இன்னும் சிலர் சொல்கிறார்கள். சாக்கெட்டுக்குள் நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு ஒயர் போடுவது ஒன்று. கூச்சம் உடனே போய்விடும். ஆனால் எங்காவது நியூட்ரல் துண்டித்துக்கொண்டால் 230 வோல்ட்டும் நேராக மெஷின் உடம்புக்கு வரும். மேலே நான் சொன்ன டிரான்ஸ்பார்மர் பெட்டி இணைப்பும் இதுவும் ஒன்றல்ல. அங்கே சுற்று தனி, இங்கே தெருவிலிருந்து வரும் லைன். இன்னொன்று, பச்சை ஒயரை ஜன்னல் கம்பியில் கட்டுவது. கம்பி சிமென்ட்டில் நிற்கிறது, மண்ணில் இல்லை. கோளாறு வந்தால் ஜன்னலைப் பிடிப்பவருக்கும் சேர்த்து ஷாக் அடிக்கும்.

வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் பின்பக்க ஒயரின் படமும், கன்ட்ரோல் பேனலைத் திறந்து எடுத்த படமும் கேளுங்கள். பச்சை ஒயர் வெட்டப்பட்டிருந்தால் அதற்காக மெஷினை விட்டுவிட வேண்டாம், எப்படியும் முழுதாக மாற்றத்தான் போகிறீர்கள். மெஷின் கப்பலில் வரும் வாரங்களில் வீட்டு எர்த்தையும் ஆர்சிசிபியையும் முடித்துவிடுங்கள். வந்து இறங்கிய அன்றைக்கே ஆட ஆசை வரும், அந்த நேரத்தில் குழி தோண்டச் சொன்னால் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள்.