ஜூனிபர் என்று சொல்லி வாய்விடங்கம் அனுப்பிவிட்டான், 3,850 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரிதான் சரக்கு விற்றவன் என் நம்பரை பிளாக் செய்தான். இன்னும் கோபம் அடங்கவில்லை, எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜின் என்கிற மதுவுக்கு வாசனை ஏற்றும் சாமான்களை ஆன்லைனில் வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். சுளையாக 3,850 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. நான் எதையும் காய்ச்சவில்லை. காய்ச்சுவது குற்றம். 1937-ல் ராஜாஜி மதுவிலக்கை முதலில் அமல்படுத்தியதே எங்கள் சேலம் மாவட்டத்தில்தான், இந்த ஊர்க்காரனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். கடையில் வாங்கிய வோட்காவில் சாமான்களை ஊறவைத்து வடிகட்டுவது, அவ்வளவுதான். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பன் மிளகும் ஆரஞ்சும் கொடுத்தனுப்பியிருந்தான். கொத்தமல்லி விதை, பட்டை, ஏலக்காய் எல்லாம் லீ பஜாரில் கிடைக்கும். ஜின்னுக்கு அதன் மணத்தைத் தருகிற ஜூனிபர் காய்தான் இல்லை. அது குளிர்ப் பிரதேசத்து ஊசியிலைச் செடி, நம் நாட்டில் இமயமலைப் பக்கம்தான் விளைகிறது. அது சேராவிட்டால் ஜின் கிடையாது, மசாலா போட்ட வோட்கா.

தேடியபோது காக்டெயில் சாமான் விற்கிற ஒரு பக்கம் கண்ணில் பட்டது. வாட்ஸ்அப்பில் கேட்டதும் ஐந்து நிமிடத்தில் வீடியோ வந்தது. செம்பு மோதிரம் போட்ட ஒரு கை கருநீலக் காயை நசுக்குகிறது, மேலே திராட்சையில் இருப்பது போல வெளுத்த படலம். "இமாச்சல்ல இருந்து நேரா வருதுண்ணா" என்றான். நான் ஜூனிபரோடு ஓரிஸ், ஆஞ்சலிகா என்ற வாசனை வேர்களும் சேர்ந்த 6,000 ரூபாய் செட்டைக் கேட்டேன். "அது உங்களுக்கு வேண்டாம்ணா, முதல் தடவைதானே, ஓரிஸ் வேர் எல்லாம் வீண் செலவு. ஜூனிபரும் ஆஞ்சலிகா வேரும் போதும், 3,850 அனுப்புங்க" என்றான். அங்கேதான் விழுந்தேன். அதிக விலைச் சரக்கை வேண்டாம் என்று சொல்கிறவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று தோன்றியது. பில் கூடக் கேட்காமல் யுபிஐயில் அனுப்பிவிட்டேன்.

ஆறாம் நாள் பார்சல் வந்தது. ஜூனிபர் பொட்டலத்தைப் பிரித்ததும் வாசனையே இல்லை. மிளகு அளவில் பழுப்புச் சிவப்பாக, சுருக்கம் விழுந்த உருண்டைகள், சிலவற்றில் காம்பும் ஒட்டியிருந்தது. காய்ந்துபோனால் இப்படித்தான் இருக்குமோ என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு இருபது கிராமை இடித்து முக்கால் லிட்டர் வோட்காவில் போட்டேன். ஜூனிபர் ஊறினால் வெளிர் மஞ்சள் நிறம் வரும், மூடியைத் திறந்ததும் ஊசியிலைக் காட்டு மணம் அடிக்கும். எனக்கு மறுநாள் காலையில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கலங்கல் இருந்தது. நாக்கு நுனியில் வைத்தால் துவர்ப்பு, கசப்பு.

போட்டோ அனுப்பினேன். "மூணு நாள் ஊறட்டும்ணா." மூன்று நாள் ஆயிற்று. "லாட்டுக்கு லாட் கலர் மாறும்ணா."

சந்தேகம் தாங்காமல் செவ்வாய்பேட்டையில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் பொட்டலத்தை எடுத்துப் போனேன். பெரியவர் ஒன்றை எடுத்து நகத்தால் கீறினார். ஒன்றும் சொல்லாமல் ஒரு டப்பாவைத் திறந்து அதே உருண்டையை என் கையில் கொட்டினார். "வாய்விடங்கம் தம்பி. வயித்துப் பூச்சிக்குக் கொடுக்கிறது. எவ்வளவுக்கு வாங்கினீங்க?" சொல்ல வாய் வரவில்லை. ஆஞ்சலிகா வேர் என்று வந்தது வசம்பு. அவர் கடை விலைக்கு இரண்டும் சேர்த்து இருநூறு ரூபாய் தாண்டாது. நான் கொடுத்தது 3,850.

அதைச் சொன்னதும் அவன் பேச்சு மாறியது. "பாக்கெட் பிரிச்சா ரிட்டர்ன் இல்ல." பிரிக்காமல் எப்படித் தெரியும்? இரண்டு நாள் பதில் இல்லை. மறுபடி கேட்டதற்கு, "வீட்ல சரக்கு போடுறீங்கன்னு நானே போலீஸ்ல சொல்லவா?" அண்ணா போட்டவன்தான் இதைச் சொன்னான். ஜூனிபர் வாங்குவது எந்த ஊரில் குற்றம்? சொன்னதற்கு மாறான பொருளை அனுப்பினால் திரும்ப வாங்க மறுக்கக்கூடாது என்று 2020-ன் மின்வணிக விதியே சொல்கிறது. அதை அனுப்பினேன். பிளாக்.

சைபர் குற்ற உதவி எண் 1930-ல் புகார் கொடுத்துவிட்டேன், நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்திருக்கிறேன். பணம் வரவில்லை. பாட்டிலைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன், வோட்கா காசும் சேர்த்துப் போச்சு.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இன்று காலையிலேயே வேறு பெயரில் ஒரு பக்கத்தில் அதே வீடியோ ஓடுகிறது, விலை 4,200. அதனால் அவசரமாக இவ்வளவுதான். ஜூனிபர் மிளகைவிடப் பெரிது, நுனியில் மூன்று கோடு சேரும், நசுக்கினால் உடனே மணக்கும். பதினான்கு இலக்க உணவு உரிம எண் இல்லாத பொட்டலத்துக்குக் காசு தராதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். செம்பு மோதிரம் போட்ட கை தெரிந்தால் பணம் அனுப்பாதீர்கள்.