விபிஎன் என்று பில் போட்டுவிட்டு போர்ட்டைத் திறந்து வைத்துப் போன கதை

பிஎல்சிக்கு (மெஷினை ஓட்டும் கண்ட்ரோலர்) ரிமோட் ஆக்சஸ், அதாவது தூரத்திலிருந்து இணையம் வழியாக உள்ளே போகும் வசதி, போட ஆள் தேடுகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சைட்டில் இருந்தது ஒரு பிஎல்சி, மோட்பஸ் டிசிபியில் (நெட்வொர்க் வழியாகப் பேசும் ஒரு முறை) அதோடு பேசும் ஒரு ஹெச்எம்ஐ (ஆபரேட்டர் பார்க்கும் திரை), மோட்டாரை ஓட்டும் இரண்டு டிரைவ். எல்லாம் ஒரே ஸ்விட்ச்சில். வேலை எடுத்தவர்களின் கோட்டேஷனில் 'இண்டஸ்ட்ரியல் விபிஎன் ரூட்டர்' என்று இருந்தது. விபிஎன் என்பது இணையத்துக்குள் பூட்டிய தனிப்பாதை. வந்து மாட்டியது சிம் போடும் சாதாரண 4ஜி ரூட்டர். கூடவே ஸ்டாடிக் ஐபி (மாறாத ஐபி) சிம் கட்டாயம் வேண்டும் என்றார்கள். அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ரூட்டர் தானே வெளியே உள்ள சர்வரைக் கூப்பிடும் விபிஎன்னுக்கு, சைட்டில் ஸ்டாடிக் ஐபி தேவையே இல்லை. லேப்டாப்பில் லேடர் (பிஎல்சி புரோகிராம்) ஆன்லைன் போவதைக் காட்டினார்கள், கம்ப்ளீஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கினார்கள், போய்விட்டார்கள்.

சில வாரங்களில் ஹெச்எம்ஐயில் கம்யூனிகேஷன் எரர் வர ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை வரும், சில நிமிடத்தில் தானாகவே சரியாகும். முதலில் கேபிள் என்றார்கள், மாற்றி பில் போட்டார்கள். பிறகு ஸ்விட்ச், அதற்கும் பில். மூன்றாவதாக ஹெச்எம்ஐயின் போர்ட்டே போய்விட்டது என்று புது ஹெச்எம்ஐக்கு கோட்டேஷன் வந்தது.

ரூட்டருக்குள் போய்ப் பார்த்தபோது விபிஎன் பக்கம் காலி. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை நேராக உள்ளே இருக்கும் கருவிக்கு அனுப்புவது) பக்கத்தில் மூன்று வரி: 502 (மோட்பஸ்), 102 (லேடர் ஆன்லைன் போவது) இரண்டும் நேராக பிஎல்சிக்கு, 5900 ஹெச்எம்ஐயின் விஎன்சிக்கு (திரையை தூரத்திலிருந்து பார்த்து இயக்குவது). மோட்பஸ் டிசிபியில் பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது. 502-ஐ எட்ட முடிந்த யாரும் ரெஜிஸ்டரை (பிஎல்சி மதிப்புகளை வைத்திருக்கும் இடம்) படிக்கலாம், எழுதலாம். இப்படித் திறந்து கிடப்பவற்றைத் தேடிப் பட்டியல் போடும் ஷோடன் 2009 முதலே இருக்கிறது. அதுபோக எத்தனையோ ஸ்கேனர்கள் ராப்பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. பிஎல்சி ஒரே நேரத்தில் ஏற்கும் டிசிபி கனெக்ஷன்களோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஸ்கேனர் ஒரு கனெக்ஷனைத் திறந்து பாதியில் விட்டுப் போனால், டைம்அவுட் ஆகும்வரை அந்த இடம் அடைபட்டுக் கிடக்கும். அந்த நேரம் பார்த்து ஹெச்எம்ஐ ஒரு தடவை அறுந்து மறுபடி வந்தால் நுழைய இடம் இருக்காது. 'தானாகச் சரியாகும் எரர்' என்பது இதுதான். மூன்று வரியையும் நீக்கியதும் எரர் நின்றது. பழைய கேபிளைத் திரும்ப மாட்டியும் வரவில்லை.

கேட்டதற்கு இரண்டு சமாதானம் சொன்னார்கள். ஒன்று, 'வெளி போர்ட் நம்பரை வேறாக மாற்றிவிடலாம், யாருக்கும் தெரியாது'. ஸ்கேனர் 65535 போர்ட்டையும் தட்டும். நம்பரை மாற்றுவது கதவை மூடுவதாகாது. இரண்டு, 'ஹெச்எம்ஐக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே'. விஎன்சியின் வழக்கமான பாஸ்வேர்டு முறை முதல் 8 எழுத்தை மட்டுமே பார்க்கும். டீஃபால்ட்டாக விட்ட பாஸ்வேர்டு இன்னும் மோசம். 2023 நவம்பரில் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து அலிக்விப்பாவில் குடிநீர் அழுத்த நிலையத்தின் யூனிட்ரானிக்ஸ் பிஎல்சிக்குள் ஆட்கள் புகுந்தார்கள். அந்தத் தாக்குதல் தொடரில் குறிவைக்கப்பட்டவை இணையத்துக்குத் திறந்து கிடந்த, டீஃபால்ட் பாஸ்வேர்டு மாற்றாத கருவிகள். அந்த டீஃபால்ட் '1111'.

சரியாகச் செய்வது பெரிய வித்தையும் இல்லை. பப்ளிக் ஐபி உள்ள ஒரு சர்வர், சைட்டில் வயர்கார்டு அல்லது ஓபன்விபிஎன் (இரண்டும் விபிஎன் மென்பொருள்) ஓடும் ரூட்டர், அவ்வளவுதான். சைட் ரூட்டர் வெளியே கூப்பிடும். உள்ளே வர ஒரு போர்ட்டும் திறக்க வேண்டாம். சிம்முக்குக் கிடைத்த ஐபி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் அது ஆபரேட்டரின் 'நாட்' (NAT, பலருக்கு ஒரே பப்ளிக் ஐபியைப் பகிர்ந்து கொடுக்கும் முறை) பின்னால் இருக்கிறது. போர்ட் ஃபார்வர்டிங் அங்கே பலிக்காது, வெளியே கூப்பிடும் விபிஎன் ஓடும். வயர்கார்டில் கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்க அவ்வப்போது ஒரு சிறு பாக்கெட் அனுப்புவது) 25 வினாடி வையுங்கள். இல்லாவிட்டால் டிராஃபிக் இல்லாத நேரத்தில் நாட் அந்த இணைப்பை மறந்துவிடும், சர்வர் பக்கத்திலிருந்து சைட்டைக் கூப்பிட்டால் பதில் வராது.

பலர் மாட்டிக்கொள்வது பிஎல்சியின் கேட்வேயில் (வேறு நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்). ரூட்டர் வரை பிங் போகும், பிஎல்சிக்குப் போகாது. கேட்வே 0.0.0.0 என்று விட்டிருப்பார்கள். வேறு சப்நெட்டிலிருந்து (வேறு ஐபி வரிசை உள்ள நெட்வொர்க்) வந்த பாக்கெட்டுக்கு எந்த வழியாகப் பதில் அனுப்புவது என்று பிஎல்சிக்குத் தெரியாது. ரூட்டரின் லான் ஐபியை கேட்வேயாகக் கொடுக்க வேண்டும். இதை டவுன்லோடு செய்யும்போது சில பிஎல்சி ஸ்டாப்புக்குப் போகும், மெஷின் நிற்கும் நேரம் பார்த்துச் செய்யுங்கள். பிஎல்சியைத் தொடவே முடியாது என்றால் ரூட்டரில் லான் பக்கம் மாஸ்கரேட் (பாக்கெட் ரூட்டரிடமிருந்தே வந்ததுபோல் காட்டுவது) போட்டால் போதும். வீட்டிலும் சைட்டிலும் 192.168.1 என்றே இருந்தாலும் வேலை நடக்காது. லேப்டாப் அந்த பிஎல்சியை வீட்டு நெட்வொர்க்கிலேயே தேடிக்கொண்டிருக்கும். சைட்டின் சப்நெட்டை மாற்றுங்கள்.

டெஸ்ட் செய்யும்போது மொபைல் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பைப் போட்டு, விபிஎன்னை அணைத்துவிட்டு, சைட் ஐபியின் 65535 போர்ட்டையும் என்மேப்பில் (போர்ட் ஸ்கேன் செய்யும் டூல்) ஓட்டுங்கள். ஒன்றுகூடத் திறந்திருக்கக் கூடாது. ரூட்டரில் டிஎம்இசட் (வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரு கருவிக்குத் தள்ளுவது) காலியாகவும் யுபிஎன்பி (கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்வது) ஆஃபாகவும் இருக்க வேண்டும்.

அட்மின் பாஸ்வேர்டைக் கடைசிவரை தரவில்லை, 'ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டால் தருகிறோம்' என்றார்கள். ரூட்டருக்குள் போக ரீசெட் பட்டனை அழுத்த வேண்டிவருமோ என்றிருந்தது. நல்லவேளை, ஸ்டிக்கரில் இருந்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்டிருந்தார்கள். உங்களுக்கு ரீசெட்தான் வழி என்றால் முதலில் ஸ்டாடிக் ஐபி சிம்மின் ஏபிஎன் (சிம் இணையத்தில் சேர ரூட்டரில் கொடுக்கும் செட்டிங்) பெயரை ஆபரேட்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரீசெட்டில் அது அழிந்துவிடும், பொதுவான ஏபிஎன்னில் அந்த சிம் பெரும்பாலும் கனெக்ட் ஆகாது.