பூம்புகார் முதல் புத்தமங்கலம் வரை: 1,800 ரூபாய் வேன் பயணம் எப்படி?

கும்பகோணத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பி இரவுக்குள் திரும்பும் வேன். டெல்டாவின் பழைய பௌத்த இடங்களைக் காட்டுகிறார்கள். காலை டிபன், மதியச் சாப்பாடு சேர்த்து ஆளுக்கு 1,800 ரூபாய். நானும் அத்தையும் போனோம். பெரிய கோயில், தாராசுரம் என்று பார்த்துப் பழகியவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே அண்ணாந்து பார்க்க எதுவும் கிடையாது, எல்லாம் தரையோடு தரை. நாம் காசு கொடுப்பது வழிகாட்டியின் பேச்சுக்குத்தான்.

அந்தப் பேச்சு நன்றாகவே இருந்தது. பூம்புகார் பக்கத்து மேலையூர் பல்லவனேஸ்வரத்தில் தொல்லியல் துறை தோண்டி எடுத்த விகாரை (பிக்குகள் தங்கிய மடம்), கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டு. செங்கல் அடித்தளம் மட்டும்தான் மிச்சம். இறங்கியதுமே அத்தை, "ஏம்ப்பா, கட்டடம் எங்க?" என்று கேட்டுவிட்டார். "இதுதாம்மா, இப்படி வாங்க" என்று அவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார் வழிகாட்டித் தம்பி. சுவர் எங்கே திரும்புகிறது, ஒரு பிக்கு தங்கும் அறை எவ்வளவு அகலம் என்று காலடியால் அளந்து காட்டினார். இங்கே கிடைத்த சுண்ணாம்புக்கல் புத்த பாதத்தின் படத்தைக் காட்டி, மணிமேகலையில் வரும் பாதபீடிகையோடு (புத்தரின் பாதம் பதித்த பீடம்) சேர்த்துச் சொன்னபோது வேனில் வந்த கல்லூரிப் பெண்கள்கூட போனை உள்ளே வைத்தார்கள். அத்தை அதற்கப்புறம் கட்டடம் கேட்கவில்லை.

கீழையூரில் செங்கல் படகுத்துறை. உள்ளே நட்டிருந்த மரத்தூண்களை வைத்துத்தான் அதன் காலத்தைக் கணித்தார்களாம். 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை ஒரு சுற்று பார்த்தோம், சரி. மதியச் சாப்பாடு பூம்புகாரில். சுறாப் புட்டு அருமை, சைவக்காரர்களுக்கு வத்தக்குழம்பு கொஞ்சம் உப்பு தூக்கல். கழிப்பறைக்குப் போவதென்றால் இங்கேயே போய்விடுங்கள். அடுத்து நாகப்பட்டினம் வரை வேனை நிறுத்தவில்லை.

என் பெரிய குறை நாகப்பட்டினம்தான். பயணத்திலேயே கனமான கதை இந்த ஊருடையது, கொடுத்ததோ அரை மணி நேரம். சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய நாட்டு அரசர் சூளாமணிவர்மர் பெயரில் எழுந்த விகாரை. கட்டி முடித்தவர் அவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மர். அதற்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தவர் சிவபக்தரான ராஜராஜன். அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடு டச்சுக்காரர்கள் கைக்குப் போய் நெதர்லாந்தின் லெய்டனில் இருந்ததால்தான் லெய்டன் செப்பேடு என்று பெயர். கடலோடிகளுக்கு அடையாளமாக நின்ற மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்றும் இந்த ஊரில் இருந்தது. 1846இல் அதை வரைந்து வைத்திருக்கிறார்கள், 1867இல் இடித்துவிட்டார்கள். அந்த ஓவியத்தை லேமினேட் செய்து வைத்திருந்த தம்பி, ஓடும் வேனிலேயே கைமாற்றிவிட்டார். வெளிப்பாளையம் பக்கம் இறங்கி நின்று நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது! இந்த ஊர் மண்ணுக்குள்ளிருந்து வந்த வெண்கலப் புத்தர்கள் நிறைய சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முடிந்தால் முதலில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு இந்தப் பயணத்துக்கு வாருங்கள்.

கடைசி இடமான புத்தமங்கலத்தில் இருக்கும் புத்தர் சிலையை ஊர்க்காரர்கள் கும்பிடுகிறார்கள். பேச்சைக் குறைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்க்கச் சொன்னார் தம்பி. அது எனக்குப் பிடித்திருந்தது.

திரும்பும் வழியில் நாச்சியார்கோவிலில் ஒரு குத்துவிளக்குக் கடை. விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. "சும்மா பாருங்கம்மா, வாங்கணும்னு இல்ல" என்று ஐம்பது நிமிடம் உட்கார வைத்துவிட்டார்கள். நாச்சியார்கோவில் விளக்கு நல்ல விளக்குதான், மறுக்கவில்லை. ஆனால் நாகப்பட்டினத்தில் வெட்டிய நேரத்தை இங்கே வந்து கொட்டினால் கோபம் வராதா? அத்தை மட்டும் ஒரு காமாட்சி விளக்கு வாங்கிக்கொண்டு சந்தோஷமாக ஏறினார்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், மூன்று முழுக்க அந்தத் தம்பிக்கு. முட்டிவலிக்காரர்கள் முன் சீட்டு கேட்டு வாங்குங்கள், வேன் படி உயரம். மேலையூரில் நிழல் குறைவு, குடை கட்டாயம். அடுத்து மன்னார்குடி, தீபங்குடி சமணக் கோயில்களுக்கும் ஒரு பயணம் போடுகிறார்களாம். விளக்குக் கடை உண்டா என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.