இரும்பைத் திருடுவதா, இரும்பே வேண்டாம் என்பதா?

பெரும்பாலான கிருமிகள் வளர இரும்பு வேண்டும், அதனால் கிருமி நுழைந்ததும் உடல் இரும்பை ஒளித்துவைக்கும். அப்போது அதைத் திருடுவது, இரும்பே இல்லாமல் வாழ்வது என்ற இரண்டில் கிருமிக்கு எந்த உத்தி கெட்டி என்பது நுண்ணுயிரியல் மாணவர்களின் பழைய குழப்பம்.

செலவு: குடலைத் தாக்கும் பாக்டீரியாவான சால்மொனெல்லா, என்டரோபாக்டின் என்ற மூலக்கூறைத் தயாரித்து வெளியே அனுப்பி இரும்பைக் கவ்வி வருகிறது, ஆற்றல் நிறையப் பிடிக்கும். உண்ணிக் கடியால் பரவும் லைம் நோயைத் தரும் பொரேலியா பாக்டீரியாவுக்கு அந்தச் செலவே இல்லை, இரும்புக்குப் பதில் மாங்கனீசு என்ற உலோகத்தை வைத்தே ஓட்டுகிறது.

எதிர்ப்பு: என்டரோபாக்டினை நம் லிப்போகாலின்-2 புரதம் பிடித்துவிடும். சால்மொனெல்லா சும்மா இருக்குமா? அதில் சர்க்கரையை ஒட்டி, சால்மோகெலினாக்கித் தப்பிக்கிறது! பொரேலியாவிடம் இரும்புப் பூட்டே பலிக்காது. ஆனால் மாங்கனீசைப் பூட்ட உடலிடம் கால்புரொடெக்டின் என்ற புரதம் உண்டு.

வேகம்: பொரேலியா பெருகுவது ரொம்ப மெதுவு.

சரி, யாருக்கு எது? அழற்சி கண்ட குடலில் மற்ற பாக்டீரியாக்களோடு முட்டிமோதிப் பெருகத் திருட்டுதான் சரி. உண்ணிக்கும் விலங்குக்கும் இடையே நிதானமாக வாழ, இரும்பைத் துறப்பதே லாபம். சாமர்த்தியத்துக்கு என் ஓட்டு சால்மொனெல்லாவுக்கு.